புது மெஷினில் ஓடட்டும், பார்க்கலாம்

ராஜபாளையத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பில்ட் வேலை பார்க்கிறேன். புரோகிராமை மற்றவர்கள் எழுதுவார்கள். எழுதியதைக் கட்டி, பேக்கேஜ் போட்டு, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓடவைப்பது வரைக்கும் என் பொறுப்பு. ஓடவில்லை என்றால் போன் எனக்குத்தான் வரும்.

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கியதிலிருந்து ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பெருகின. பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்து வெளுத்து அனுப்பும் ஊர். வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிருஷ்ணன்கோவில், கலசலிங்கம் பல்கலைக்கழகம். மில்லுக்கு ஷிப்ட் ரிப்போர்ட், பேண்டேஜ் யூனிட்டுக்கு ஸ்டாக், கடைக்கு பில் என்று ஒரே மென்பொருளின் வெவ்வேறு முகங்களைத் தருகிறோம்.

இந்தச் சின்ன வட்டத்துக்குள் எத்தனை விதமான கம்ப்யூட்டர்கள்! பேண்டேஜ் யூனிட்டின் ஆபீசில் 32 பிட் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மில்லின் சர்வர் அறையில் சென்டோஸ் 7. கடை கல்லாவில் விண்டோஸ் 10. கணக்குப் பார்க்கும் பையனிடம் அரசு கொடுத்த லேப்டாப். 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்திருந்தது. அச்சகத்தில் டிசைன் செய்பவரிடம் பழைய ஐமேக். இத்தனையிலும் எங்கள் புரோகிராம் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒரே மாதிரி தமிழ் காட்ட வேண்டும். ஒரே மாதிரி கூட்டுத்தொகை வர வேண்டும்.

இந்த வேலையில் வரும் கோளாறுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. புரோகிராம் எழுதியவர் மெஷினில் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கும். அது இருப்பது அவருக்கே தெரியாது; எப்போதோ வேறு எதற்கோ போட்டது. புரோகிராம் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். வாடிக்கையாளர் மெஷினில் அது இருக்காது, புரோகிராம் விழும். எழுதியவர் வந்து தன் மெஷினில் ஓட்டிக்காட்டி, "இங்க ஓடுதே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கல்லாவில் நிற்பவருக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை.

இதில் எல்லோரும் முதலில் பார்ப்பது, விண்டோஸில் 'விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை' என்ற சின்னப் பெட்டி. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டிய புரோகிராமுக்கு அந்த நிறுவனத்தின் ரன்டைம் கோப்புகள் தேவை. எழுதுபவர் மெஷினில் கம்பைலரோடு சேர்ந்தே அவை வந்துவிடும். விண்டோஸ் 7இல் இன்னொரு படி: யுனிவர்சல் சிஆர்டி என்ற அப்டேட்டைத் தனியாகப் போட்டிருக்க வேண்டும். நெட் இணைப்பே கொடுக்காமல் வைத்திருக்கும் மில் கம்ப்யூட்டரில் அந்த அப்டேட் எப்படி வந்திருக்கும்? இரண்டையும் இன்ஸ்டாலருக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. இந்த மாதிரிக் கோளாறு நல்ல கோளாறு. ஓடாமல் நிற்கும், எது இல்லை என்று பெயரையும் சொல்லும். ஓடிக்கொண்டே தப்பாகச் செய்யும் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும்.

அப்படி ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் வந்தது. கடையில் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் லேப்டாப் வாங்கிப் போட்டார்கள். மறுநாள் கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, பில்லுல எழுத்தெல்லாம் இடம் மாறி விழுது. பழைய பொட்டியில நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒரு பில்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்க அண்ணாச்சி."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'நெய்' என்ற சொல்லில் கொம்பு நகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போயிருந்தது. கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் எல்லாச் சொற்களிலும் இதே கதை. விலையும் கூட்டுத்தொகையும் சரி. வாங்குபவர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றார் அண்ணாச்சி. தன் கடைப் பெயரே தப்பாக அச்சாகிறது என்கிற வருத்தம் அவர் குரலில் தெரிந்தது.

முதல் சந்தேகம் எழுத்துருமேல்தான் போகும். ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்திருந்தோம். அதன் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டு மெஷினிலும் அதே கோப்புதான் என்று சரிபார்த்தாயிற்று. அடுத்து அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஸ்கிரீன்ல எப்படித் தெரியுது?" ஸ்கிரீனில் சரியாக இருக்கிறது, பேப்பரில்தான் தப்பு என்றார். பாதி வழி அந்தப் பதிலிலேயே கடந்துவிட்டது.

ஸ்கிரீனில் தமிழை வரைவது க்யூட்டி என்ற நூலகம். எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பேப்பர் கதை வேறு. கடைகளில் இருக்கும் தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துத் தொகுதி கிடையாது. அதனால் பில்லை ஒரு படமாக வரைந்து அந்தப் படத்தைத்தான் பிரிண்டருக்கு அனுப்புகிறோம். படத்தை வரைவது பைத்தானின் பில்லோ நூலகம். பில்லோ இரண்டு விதமாக எழுத்து வரையும். ராக்ம் என்ற துணை நூலகம் கிடைத்தால் தமிழுக்கு உரிய முறையில் கோத்து வரையும். கிடைக்காவிட்டால் வந்த வரிசையிலேயே எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டுப் போகும். யூனிகோடில் 'நெ' என்பது முதலில் ந, பிறகு கொம்பு. கோக்காமல் வரைந்தால் பில்லில் பார்த்த மாதிரிதான் வரும். எச்சரிக்கை எதுவும் வராது.

புது லேப்டாப்பில் ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவையே கேட்கச் சொல்லி ஒரு சின்னச் சோதனை புரோகிராம் அனுப்பினேன். இல்லை என்று பதில் வந்தது. ராக்ம் பில்லோவோடு சேர்ந்தே வருகிறது, அப்படியிருக்க ஏன் இல்லை? காரணம் அதற்கும் கீழே ஒரு படியில் இருந்தது. ராக்முக்கு ஃப்ரிபிடி என்று இன்னொரு நூலகம் வேண்டும். அரபு, ஹீப்ரு மாதிரி வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குத் திசை பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. தமிழ் பில்லுக்கு அது நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அது இல்லையென்றால் ராக்ம் எழுந்திருக்காது. ராக்ம் இல்லையென்றால் தமிழ் கோக்கப்படாது. லினக்ஸில் டெஸ்க்டாப்போடு ஃப்ரிபிடி தானாகவே வந்துவிடும். பழைய பெட்டியில் பில் சரியாக வந்தது அதனால்தான். விண்டோஸில் அதை யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும்.

பேக்கேஜ் கட்டும் கருவி ஏன் இதைக் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை? பைஇன்ஸ்டாலர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, 'இதற்கு எந்த எந்த டிஎல்எல் வேண்டும்' என்று எழுதியிருக்கும் பட்டியலைப் படித்து, அவற்றையெல்லாம் இழுத்துவந்து சேர்க்கும். ஃப்ரிபிடி அந்தப் பட்டியலில் இல்லை. புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு, எழுத்து வரையும் பகுதி ஏறும்போதுதான் அது தேடப்படுகிறது. ஓடும்போது தேடுவதை, ஓடாத கோப்பைப் படித்து அறிய முடியாது. லினக்ஸில் நாங்கள் எப்போதும் போட்டுப் பார்க்கும் எல்டிடி கட்டளைக்கும் இதே எல்லைதான்.

ஃப்ரிபிடியின் டிஎல்எல்லைப் பேக்கேஜில் சேர்த்தோம். பில் சரியானது. ஆனால் அதோடு விட்டிருந்தால் அடுத்த வருடம் வேறொருவர் ஏதாவதொன்றை மாற்றும்போது இதே கோளாறு திரும்பி வந்திருக்கும். அதனால் பில்ட் முடியும் இடத்தில் ஒரு சோதனை வைத்தோம். கட்டிய பேக்கேஜே 'நெய் பால்கோவா' என்று ஒரு படம் வரைய வேண்டும். அது நாங்கள் சரிபார்த்து வைத்த படத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பில்ட் தோல்வி, பேக்கேஜ் வெளியே போகாது. தீர்த்த கோளாறு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சோதனை எழுதிவைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கினோம்.

அதே கடையில் இன்னொன்று. பில் போடும் திரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு படம் வரும். படங்களைத் தயார் செய்தவர் ஐமேக் வைத்திருந்த டிசைனர். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து ஜிப் செய்து அனுப்பினார். அவர் மெஷினில் எல்லாப் படமும் தெரிந்தது. விண்டோஸிலும் லினக்ஸிலும் சில படங்கள் மட்டும் காணோம். ஃபோல்டரைத் திறந்தால் கோப்பு இருக்கிறது, பெயரும் சரியாகத் தெரிகிறது. புரோகிராம் மட்டும் இல்லை என்கிறது.

வந்ததையும் வராததையும் எதிரெதிராக எழுதினோம். வந்தவை: அல்வா, ஜிலேபி, அதிரசம், முறுக்கு, தேன்குழல். வராதவை: பால்கோவா, பக்கோடா, சோன்பப்டி. ஒரு தமிழர் கொஞ்ச நேரம் பார்த்தாலே பிடித்துவிடலாம். வராத பெயர்கள் எல்லாவற்றிலும் ஓகாரம் ஏறிய எழுத்து இருக்கிறது. ஜிலேபியிலும் தேன்குழலிலும் இரட்டைக்கொம்பு மட்டும்தான், கால் இல்லை.

யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி என்று ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை எந்தப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும். நம் விசைப்பலகையில் அடித்தால் சேர்ந்த வடிவம் வரும். யூடிஎஃப்-8இல் 'பால்கோவா' சேர்ந்த வடிவத்தில் 24 பைட். பிரிந்த வடிவத்தில் 27 பைட். மேக் இரண்டையும் ஒன்றாகப் பாவித்துக் கோப்பை எடுத்துக் கொடுத்துவிடும். விண்டோஸும் லினக்ஸும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறு பெயர் என்று சொல்லிவிடும்.

பேக்கேஜுக்குள் போகும் எல்லாப் பெயர்களையும் பில்ட் சமயத்தில் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுவது உடனடித் தீர்வாக அமைந்தது. நிரந்தரத் தீர்வாக, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எண்களைப் பெயராக வைத்து, தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்தோம். வெளியே வாடிக்கையாளர் என்ன பெயர் வைத்தாலும் நாம் தாங்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸின் பழைய ஆன்சி முறையில் தமிழுக்கென்று ஒரு குறியீட்டுப் பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. தமிழ் அங்கே யூனிகோட் வழியாக மட்டுமே நுழைய முடியும். பழைய முறையில் கோப்பைத் திறக்கும் சி நூலகம் எதையாவது சேர்த்துக் கட்டியிருந்தால், 'பில்கள்' என்ற ஃபோல்டர் அதற்கு வெறும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். இதற்காகவே எங்கள் விண்டோஸ் சோதனை மெஷினில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறோம், நடுவில் ஒரு இடைவெளியும் விட்டு. அந்தப் பெயரைத் தாண்டி ஓடும் பேக்கேஜ் எங்கேயும் ஓடும்.

மில் சர்வர் கற்றுக்கொடுத்தது வேறு பாடம். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் ஓடுகிற சர்வரை யாரும் தொடவிட மாட்டார்கள். "ரிப்போர்ட் நின்னா பரவால்ல சார், மெஷினுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று சூப்பர்வைசர் முதலிலேயே சொல்லிவிடுவார். 2014இல் வந்த சென்டோஸ் 7இல் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு 2.17. எங்கள் மெஷின்களில் இருந்த உபுண்டு 22.04இல் 2.35. எங்களிடம் கட்டிய புரோகிராம் அங்கே போய், 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றது.

லினக்ஸில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராமும் ஜிலிப்சியின்மேல்தான் நிற்கிறது. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று உறுதி இல்லை. 2021இல் வந்த 2.34இல், தனியாக இருந்த த்ரெட் நூலகத்தை உள்ளேயே இணைத்தபோது, புரோகிராம் தொடங்கும் இடத்தில் அழைக்கப்படும் செயல்பாட்டுக்கே புதுப் பதிப்பு எண் கொடுத்தார்கள். ஆகவே அதற்குப் பிறகு வந்த ஜிலிப்சியில் ஒரே ஒரு வரி சி புரோகிராமைக் கட்டினாலும் அது 2.34 கேட்கும்.

இந்த இடத்தில் சிலர், சர்வரில் ஜிலிப்சியை ஏற்றிவிடலாமே என்பார்கள். செய்யவே கூடாது. அந்த சர்வரில் இருக்கும் எல்லாமே அதன்மேல் நிற்கிறது. அது கோணினால் உள்ளே நுழைந்து சரிசெய்யக்கூட வழி இருக்காது. வாடிக்கையாளர்களிடம் இருப்பதிலேயே பழைய சிஸ்டம் எதுவோ அதில் வைத்துக் கட்டுவதுதான் முறை. பைத்தான் உலகம் இதை 2016இலேயே ஒழுங்காக வகுத்துக்கொண்டது. மெனிலினக்ஸ் என்று பெயர். முதலில் சென்டோஸ் 5, பிறகு 6, பிறகு 7 என்று பழைய சிஸ்டத்தையே ஒரு கன்டெய்னராக வைத்து அதற்குள் கட்டுவார்கள். நாங்களும் சென்டோஸ் 7 கன்டெய்னருக்குள் போய்க் கட்டினோம். அன்று மாலையே மில்லில் ஓடியது.

விண்டோஸ் பக்கத்திலும் கணக்கு இதேதான். பைத்தான் 3.9 விண்டோஸ் 7இல் ஓடாது, 3.8தான் கடைசி. க்யூட்டி 6 விண்டோஸ் 10 கேட்கும். ஆகவே சத்திரப்பட்டியில் இருக்கும் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்தான் எங்கள் ஆபீசில் எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்கிறது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. சென்டோஸ் 7க்கு 2024 ஜூனில் முடிந்தது. மாற்றுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம், பாதுகாப்பு ஆபத்தை எழுத்திலும் கொடுக்கிறோம். அதுவரை அவர்கள் கையில் இருப்பதில் ஓடும்படி கட்டிக் கொடுப்பதும் என் கடமை.

இத்தனை கோளாறுகளுக்கும் நாங்கள் கண்ட பெரிய மருந்து, ஒன்றும் தெரியாத மெஷின். ஒவ்வொரு முறை கட்டும்போதும் புதிதாக நிறுவிய விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று மூன்று மெஷின்களில் தொடங்குகிறோம். பைஇன்ஸ்டாலர் ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து இன்னொன்றுக்குக் கட்டாது. விண்டோஸுக்கு விண்டோஸும் மேக்குக்கு மேக்கும் வேண்டும். முன்பெல்லாம் சின்ன ஊரில் இருக்கும் சின்ன நிறுவனத்துக்கு மூன்றையும் வைத்துப் பராமரிப்பது எட்டாத காரியம். 2019இல் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் பொதுவுக்கு வந்த பிறகு, மூன்று வகை மெஷினும் வாடகைக்குக் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும் அழிந்துவிடுகின்றன. என்ன வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்துத்தான் அங்கே வேலை நடத்துகிறோம். 'இங்க ஓடுதே' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அங்கே கட்டியதை இன்னொரு வெறும் மெஷினில் நிறுவிப் பார்ப்போம். கம்பைலர் இல்லை, பைத்தான் இல்லை, தமிழ் எழுத்துரு இல்லை, நெட் இல்லை. திறந்து, ஒரு பில் போட்டு, மூடி, நீக்கி, மறுபடி நிறுவிப் பார்ப்போம். லினக்ஸில் எடைத் தராசின் யுஎஸ்பி சீரியல் போர்ட்டைத் திறக்கப் பயனருக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் உண்டு. உபுண்டுவில் டயல்அவுட் குழுவில் பெயர் இல்லாதவருக்கு எடை வராது.

கடைசியில் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்திடாத இன்ஸ்டாலரை விண்டோஸ் நீலப் பெட்டி காட்டித் தடுக்கும். பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டியதைச் சில ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்றே தூக்கிவிடும். மேக்கில் 2019இல் வந்த கேடலினாவிலிருந்து ஆப்பிளிடம் முன்கூட்டியே கொடுத்து நோட்டரைஸ் செய்தாக வேண்டும். 'எச்சரிக்கை வந்தா பரவால்ல, தாண்டிப் போங்க' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. இன்று நம் மென்பொருளுக்காகத் தாண்டுபவர் நாளை திருடன் அனுப்பியதையும் தாண்டுவார். 2023 ஜூனிலிருந்து கையெழுத்துச் சாவியை வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. எங்களிடம் அது ஒரு யுஎஸ்பி டோக்கன். ஆபீசில் பூட்டி வைத்திருக்கிறோம். கட்டும் வேலை எங்கோ நடந்தாலும் கையெழுத்து மட்டும் ராஜபாளையத்தில்தான் விழுகிறது.

நூற்பாலையில் கோனுக்குள் ஒட்டும் டிக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். கவுண்ட், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். தறியில் நூல் அறுகிறது என்று புகார் வந்தால், லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்தப் பஞ்சுக் கலவை என்பது வரை போய்விடுவார்கள். எங்கள் புரோகிராமின் முதல் திரையிலும் அதே மாதிரி ஒரு பில்ட் எண் இருக்கிறது. அதை வாசித்துச் சொன்னால் போதும்; எந்த மூலநிரல், எந்த நூலகப் பதிப்பு, எந்த நாள், எந்த கன்டெய்னர் என்று இங்கே உட்கார்ந்து எடுத்துவிடுவேன். அதே பேக்கேஜை மறுபடியும் கட்டவும் முடியும். இது இல்லாத காலத்தில் போனில் பாதி நேரம், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போகும்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்தும் ராம்கோ பொறியியல் கல்லூரியிலிருந்தும் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அருமையாகப் புரோகிராம் எழுதுகிறார்கள். அதைப் பேக்கேஜ் போட்டுக் கொடு என்றால், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் மேலே சொன்ன எல்லாமே ஒரே நாளில் வந்து நிற்கும். அவற்றில் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அதனால் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது: வெறும் ஜன்னல் ஒன்று திறந்து 'நெய் பால்கோவா' என்று காட்டும் புரோகிராம் எழுது. அதை மூன்று சிஸ்டத்துக்கும் பேக்கேஜ் போடு. ஒன்றும் இல்லாத மெஷினில், தமிழ்ப் பெயர் கொண்ட ஃபோல்டரில் நிறுவி, அந்த இரண்டு சொல்லையும் பில் பேப்பரில் அச்சடித்துக் கொண்டுவா. அது சரியாக வந்த பிறகு கணக்கு எழுதத் தொடங்கு. இதை முடித்தவர்கள், பிறகு தாங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நூலகத்தையும் பார்த்து, "இது அண்ணாச்சி கடையில இருக்குமா?" என்று தாங்களாகவே கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பில்ட் வேலைக்கு ஆள் தயார்.